மூடுபனிக்கு அப்பால் ஒரு மேளச் சத்தம்

"ஏங்க... எழுந்திருங்க! ஏங்க, பச்சை மஃப்ளர்! இந்தப் பெட்டி படகுத்துறைக்குப் போகாது!"

யாரோ தோளைத் தட்டினார்கள். யோஷினோ கண்ணைத் திறந்தாள். முதலில் தெரிந்தது ஒரு கை. அதன் நகங்கள் எல்லாம் நீலம்... மை கொட்டிய நீலம் இல்லை, வருஷக்கணக்கில் ஊறிப்போன நீலம். அப்புறம் ஒரு முகம். ஓடி வந்த வேகத்தில் நெற்றியில் சரிந்த முடி, மூச்சு வாங்கும் வாய், பதற்றத்தில் அகலத் திறந்த இரண்டு கண்கள்.

நல்ல கண்கள்... என்று தூக்கக் கலக்கத்தில் அவள் மனம் சொன்னது.

அவன் முதுகுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே, இதுவரை ஒன்றாக வந்த முன்பக்கப் பெட்டிகள் தனியே கழன்று கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தன. இவர்கள் இருந்த பின்பக்கப் பெட்டிகள் மலைப் பக்கம் திரும்பின.

"போச்சு..." என்றான் அவன், அப்படியே எதிர் இருக்கையில் உட்கார்ந்து.

யோஷினோவுக்கு இப்போது முழுதாக விழிப்பு வந்துவிட்டது. இந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள்! காலையில் ஒக்காயாமா நிலையத்தில், ஹினாஷிமா போகும் ரயில் எது என்று இவனிடம்தானே கேட்டாள்?

"நீங்கதானே இந்த ரயில்தான்னு சொன்னீங்க?"

"ரயில் இதேதாங்க. பெட்டிதான் வேற. முன்னாடி பெட்டி கடலுக்கு, பின்னாடி பெட்டி மலைக்கு. சுகாமியில ரெண்டாப் பிரியும்."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க கேட்டுட்டு விறுவிறுன்னு போயிட்டீங்க... பின்பக்கம் ஏறுவீங்கன்னு நான் என்ன கனவா கண்டேன்? இப்பத்தான் பிளாட்பாரத்துல எட்டிப் பார்த்தேன். ஜன்னல்ல பச்சை மஃப்ளர் தெரிஞ்சுது. ஓடி வந்தேன்."

அவன் வியர்வைக்காக மேல்சட்டையைத் திறந்தான். உள்ளே ஆரஞ்சு நிறச் சட்டை. நெஞ்சில் நங்கூரப் படம். ஹினாஷிமா கப்பல் கட்டும் தளத்தின் கால்பந்து அணி!

"ஓஹோ... அப்படியா சங்கதி!" யோஷினோ எழுந்தே விட்டாள். "எதிரி டீம்காரியைத் திசை திருப்பி விட்டாச்சு! இருந்து இருந்து ஒரே ஒருத்தி வர்றா, அவளும் வந்து சேரக்கூடாது! நல்லா இருக்குங்க உங்க ஊர் வழக்கம்!"

"வேணும்னே பண்ணியிருந்தா நான் எதுக்குங்க ஓடி வந்து எழுப்பறேன்?" அவன் மலைப்பாதையைக் காட்டினான். "நான் பார்க்க இருந்த மேட்சும்தான் போச்சு. பாருங்க!"

அவள் மெல்ல உட்கார்ந்தாள். அடிக்கடி உதட்டைக் கடித்து ஜன்னலையே பார்த்தாள். அழக்கூடாது... இந்த ஆரஞ்சுக்காரன் முன்னால் சத்தியமாக அழக்கூடாது.

ஜப்பானில் ஷோவா பேரரசர் ஆட்சியின் கடைசி வசந்தகாலம் அது. கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் யோஷினோவின் ஊரில் வேறொன்று முடிந்துகொண்டிருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். வடகோடியில், அவொமோரிக்கும் கீழே கடலோரமாகக் கிதாஹமா என்றொரு சின்ன ஊர். ஊரென்றால் காகித ஆலைதான். ஆலைக்கு ஒரு கால்பந்து அணி. அந்தக் காலத்தில் கால்பந்து என்றால் கம்பெனி அணிகள்தான். பகலெல்லாம் மரக்கூழ் கலக்குகிறவர்கள் மாலையில் பந்து உதைப்பார்கள். யோஷினோவின் அப்பா அந்த அணியின் முதல் கோல்கீப்பர். அவள் ஆலையின் தொலைபேசி அறையில் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோலுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்துவாள். திங்கட்கிழமை கரகரத்த குரலில் "கிதாஹமா காகித ஆலை, வணக்கம்" என்பாள். ஊரே சிரிக்கும்.

ஆலைக்கு வருமானம் குறைந்தது. அணியைக் கலைப்பது என்று முடிவானது. ஹினாஷிமா தீவில் நடக்கும் இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம்தான் அணிக்கும் கடைசி ஆட்டம். எப்போதும் ரசிகர்களுக்கு விடும் பேருந்தை இந்த முறை ஆலை விடவில்லை. "கலையப்போற டீமுக்கு அவ்வளவு தூரம் யார் போவா?" என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அப்பாவுக்கு முழங்கால் மடங்காது. ஆகவே யோஷினோ தனியாகக் கிளம்பினாள். அவொமோரியிலிருந்து ஒசாகா போகும் இரவு ரயிலில் தலை தொங்கத் தொங்க உட்கார்ந்து, ஒசாகாவில் விரைவு ரயில் பிடித்து, ஒக்காயாமாவில் இறங்கி... பாதி ஜப்பானைத் தாண்டி வந்துவிட்டு, கடைசித் துண்டு வழியில் தூங்கிப்போனாள்.

'நான் போகலேன்னா கோலுக்குப் பின்னாடி ஒரு குரல்கூட இருக்காதே...' என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடலாம்," என்றான் அவன் மெதுவாக. "ஏதாவது வழி இருக்கும்."

அடுத்த ஸ்டேஷனில் ஒரு பெஞ்சும் ஒரு செர்ரி மரமும் இருந்தன. ஆள் இல்லை. செர்ரிப் பூ உதிர்ந்து பிளாட்பாரமெல்லாம் இளஞ்சிவப்பாகக் கிடந்தது. வேறு நாளாக இருந்தால் யோஷினோ நின்று ரசித்திருப்பாள். திரும்பிப் போகும் ரயில் மத்தியானத்துக்கு மேல்தான் என்று கால அட்டவணை சொன்னது.

"ரசிச்சு முடிச்சிட்டீங்கன்னா நடக்கலாமா, கிதாஹமா அம்மணி?"

"நான் ஒண்ணும் ரசிக்கல. நடங்க, ஹினாஷிமாக்காரரே!"

அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த அணிக் கொடியின் கம்பு நீளமானது. துணி உறையில் சுற்றித் தோளில் சாய்த்திருந்தாள். அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. எதிரி கையில் கொடியைக் கொடுப்பதாவது! தார்ச்சாலைக்கு இறங்கும் சரிவில் அது மரக்கிளையில் மாட்டி, அவள் பின்னால் சாய, அவன் ஒரு கையால் கம்பையும் மறு கையால் அவள் முழங்கையையும் பிடித்தான். ஒரு கணம்தான். உடனே இரண்டு பேரும் வெவ்வேறு மலையைப் பார்த்தார்கள்.

"உங்க நகம்... ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்டாள், பேச்சை மாற்ற.

"ஜீன்ஸுக்கு நூல் சாயம் தோய்ச்சுத் துணி நெய்யற பட்டறையில வேலை. ஒக்காயாமா பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போயிடுவேன். நேத்து பட்டறையில வேலை இழுத்துடுச்சு... அதான் இன்னைக்குக் காலையில." அவன் நகங்களைப் பார்த்துச் சிரித்தான். "எங்க அம்மா சொல்லுவாங்க, உன்னைக் கட்டிக்கப் போறவ ஒரு வருஷம் உன் கையை மட்டும் தேய்ச்சுக்கிட்டே இருக்கணும்னு."

யோஷினோ சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள்.

சாலையில் ஒரு சின்ன லாரி வந்தது. பின்னால் முழுக்க ஆரஞ்சுப் பெட்டிகள். ஓட்டியது தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியம்மா. இரண்டு பேரும் நடுரோட்டில் நின்று கும்பிடாத குறையாகக் கை ஆட்ட, வண்டி நின்றது.

"என்னடா கண்ணு, ஓடிப்போறீங்களா?"

"ஐயோ இல்லம்மா! படகுத்துறைக்குப் போகணும். மேட்சு!" என்றான் அவன்.

"மேட்சுக்கு இவ்வளவு அவசரமா? நான் கல்யாண வீட்டுக்கோன்னு நெனைச்சேன்." பெரியம்மா யோஷினோவை மேலும் கீழும் பார்த்தார். "ஜோடி நல்லாத்தான் இருக்கு. ஆனா பச்சையும் ஆரஞ்சும்... சேருமா?"

"சேராதும்மா!" என்றாள் யோஷினோ.

"மரத்துல பார்த்ததில்லையா நீ? இலை பச்சை, பழம் ஆரஞ்சு. சேர்ந்துதான் தொங்குது. ஏறுங்க, ஏறுங்க!"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே... காது நுனி வரை சிவந்துவிட்டது. பெட்டிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு தோள் இடிக்க இடிக்க, "மன்னிக்கணும்", "பரவாயில்ல", "மன்னிக்கணும்", "பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே கடல்வரை வந்தார்கள்.

கடல் இல்லை!

கடல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்று நின்றது. மூடுபனி. உள்கடலில் வசந்தத்தில் இப்படி இறங்கும். இறங்கினால் படகு கிடையாது. படகுத்துறையின் முனையில் சங்கிலி போட்டிருந்தார்கள். படகு கரையோடு கட்டிக் கிடந்தது. டிக்கெட் அறைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

"எப்ப விடுவீங்க?"

"பனிகிட்டதான் கேக்கணும்."

யோஷினோ பனியையே பார்த்து நின்றாள். ஹினாஷிமா அங்கேதான் இருக்கிறது. நல்ல நாளில் இங்கிருந்து மாடி ஜன்னலில் காயும் துணி தெரியுமாம். அவ்வளவு கிட்டத்தில்... அவ்வளவு தூரம் வந்து...

அப்போது அது கேட்டது.

டும்... டும்... டும்டும்டும்.

மேளம்! தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. பனி கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. தீவின் மேட்டில் இருக்கும் மைதானத்தில் கப்பல் தளத்தின் பெரிய மேளம் முழங்குகிறது. ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

"எங்க மேளம்," என்றான் அவன், குரலில் பெருமையை மறைக்க முடியாமல். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். பெருமை அடங்கிப்போனது.

அவளுடைய கண்கள் நிரம்பியிருந்தன. விழவில்லை. இமை விளிம்பில் நின்றன... துறைக் கம்பியில் பனித்துளி நிற்பதுபோல. இப்படி ஒரு கண்ணை அவன் பார்த்ததில்லை. கோபமும் துக்கமும் பிடிவாதமும் ஒன்றாக நிற்கும் கண்.

"அது வெறும் மேட்சு இல்லங்க," என்றாள் அவள். "எங்க டீமைக் கலைக்கறாங்க. இதான் கடைசி."

அவனுக்கு அது தெரியாது. செய்தித்தாளில் வராத அளவு சின்ன அணி. அப்புறம் ஒரு வேலை செய்தான். குனிந்து, அவள் கொடியின் உறை முடிச்சை அவிழ்த்தான். "கட்டி வெச்சிருந்தா எப்படி? பிரிங்க," என்றான்.

"யாருக்குத் தெரியப் போகுது?"

"தெரியாட்டி என்ன? நீங்க எப்பவும் என்ன கத்துவீங்க? கத்துங்க."

அவள் வெட்கத்தோடு முனையில் போய் நின்றாள். பச்சைக் கொடி பனியில் நனைந்து கனத்தது. "கி...தா...ஹ...மா!" முதல் முறை குரல் உடைந்தது. இரண்டாம் முறை நின்றது. மூன்றாம் முறை... பக்கத்தில் இன்னொரு குரல் சேர்ந்தது. ஆரஞ்சுச் சட்டையோடு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, நரம்பு புடைக்க அவன் கத்தினான். "கிதாஹமா! கிதாஹமா!"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எதிரி டீமுக்குக் கத்தறது இதான் முதல் தடவை," என்றான் அவன். "எங்க அண்ணன் கேட்டா வீட்டுக்குள்ள விட மாட்டான்."

தொண்டை வறண்டபின் துறைப் படியில் உட்கார்ந்தார்கள். காதுதான் கண் இப்போது. திடீரென்று தீவே இடிந்து விழுந்த மாதிரி ஒரு ஆரவாரம் வந்தது. அவன் துள்ளி எழப் பார்த்து, பாதியில் உட்கார்ந்தான்.

"சந்தோஷப்பட்டா படுங்களேன்... யார் வேண்டாம்னா?" என்றாள்.

"கொஞ்சமா பட்டுக்கறேன்."

பெரியம்மா கொடுத்துவிட்ட ஆரஞ்சை அவன் உரித்தான். வசந்தத்துப் பழம், கசப்பும் புளிப்புமாக இருந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள். அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். அவள் சுளையை அவன் மேல் எறிந்தாள். எறிந்த கையோடு, இரவு ரயிலுக்காகக் கட்டி வந்த சோற்று உருண்டையில் மிஞ்சியதைப் பாதி பிட்டு அவனிடம் நீட்டினாள். உள்ளே உப்புப் போட்ட சால்மன். அவன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். அந்த நேரம் அக்கரையில் மேளம் நின்றிருந்தது. வெகு நேரம் சத்தமே இல்லை. இடைவேளை போலிருக்கிறது என்று இருவரும் நினைத்தார்கள்... அந்த அமைதி அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்புறம் இன்னொரு ஆரவாரம். அப்புறம் நீளமான கைத்தட்டல். முடிந்தது.

முடிந்து வெகு நேரம் கழித்துத்தான் பனி விலகியது, யாரோ திரை இழுத்த மாதிரி. தீவு வந்தது. மாடி ஜன்னல்கள் வந்தன. அங்கிருந்து முதல் படகு புறப்பட்டது. அதன் தளத்தில் ஒரு பழைய பேருந்து... கண்ணாடியில் பச்சைத் துணி!

"எங்க டீம் பஸ்!"

யோஷினோ ஓடினாள். துறையின் நடுவில் நின்று கொடியை உயர்த்தினாள். இப்போது காற்று வந்துவிட்டது, கொடி விரிந்தது. ஒரே ஒரு கொடி, ஒரே ஒரு ஆள். அவளுக்குப் பின்னால் 'டும் டும்' என்று சத்தம் கேட்டது. துறையோரம் கிடந்த காலி ஆரஞ்சுப் பெட்டியைக் கவிழ்த்து, நீல நகக் கைகளால் அவன் தட்டிக்கொண்டிருந்தான். கிதாஹமாவின் தாளம் அவனுக்குத் தெரியாது. ஆகவே ஹினாஷிமாவின் தாளத்தையே தட்டினான்.

படகு கரை சேர, பேருந்து இறங்கி வந்து நின்றது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கால்சட்டையில் சேறு காயவில்லை. கேப்டன் ஹொசோகாவா ஆலையில் மரம் வெட்டும் பிரிவுக்காரர், நல்ல உயரம். வந்து நின்று அவளுக்கு முன்னால் குனிந்து வணங்கினார். பின்னால் எல்லோரும் வணங்கினார்கள்.

"யோஷினோ... நீயா! தனியாவா வந்தே?"

"வந்து சேரலையே அண்ணே... இங்கேயே நின்னுட்டேன். கத்தினேன். கேட்டுச்சா?"

கேப்டன் தலையைச் சொறிந்தார். "இல்லம்மா... அவங்க மேளம் காதைக் கிழிச்சுடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். யோஷினோ சிரித்துக்கொண்டே அழுதாள்.

"தோத்துட்டோம். ரெண்டுக்கு ஒண்ணு," என்றார் அவர். "ஆனா ஒரு கோல் போட்டோம் தெரியுமா? இடைவேளைக்கு அப்புறம். மைதானமே கப்சிப்னு ஆயிடுச்சு!"

யோஷினோ அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். அந்த அமைதி... சோற்று உருண்டையைப் பகிர்ந்துகொண்ட அந்த நீண்ட அமைதிதான் கிதாஹமாவின் கடைசி கோல்!

அந்த நிமிஷம் எல்லாம் சரியாக இருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அவள் அழுவதைப் பார்க்க அவனால் முடியவில்லை. எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க நினைத்தான்.

"அழாதீங்க யோஷினோ... அடுத்த வருஷத்துல இருந்து எங்க டீமுக்கு வந்துடுங்க. ஆரஞ்சு உங்களுக்கு நல்லா எடுக்கும்."

அவள் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கண் வறண்டு போனது.

"டீம்னா என்ன செருப்பா? அறுந்துபோனா வேற வாங்கிப் போட்டுக்க?"

"இல்ல... நான் அந்த அர்த்தத்துல..."

"எங்க அப்பா நின்ன கோல் அது. உங்களுக்கு என்ன, மேளம் இருக்கு, கப்பல் இருக்கு. சொல்லுவீங்க." குனிந்து வணங்கினாள். முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்யும் விறைப்பான வணக்கம். "இதுவரைக்கும் செஞ்ச உதவிக்கு நன்றிங்க."

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அவளுக்கு ஒரு இடம் கொடுத்தார்கள். பேருந்து திரும்பியபோது பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவன் தலை குனிந்து நின்றான். ஊர் எல்லை தாண்டியதும்தான் உறைத்தது... தனக்காக அவன் தன் ஆட்டத்தையே விட்டான். அவன் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை.

மே மாதம் அணி கலைந்தது. மைதானக் கதவுக்குப் பூட்டு போடவில்லை. பழைய ஆட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தங்களுக்குள் ஆடிக்கொண்டார்கள். கிதாஹமா, ஹினாஷிமா என்ற இரண்டு பெயரையும் ஒரே வரியில் போடும் ஆட்ட அட்டவணை இனி எந்தக் காலத்திலும் வராது. இரவில் படுத்தால் யோஷினோவுக்கு இதுதான் நினைவு. கோபம் என்னவோ ஒரு வாரத்தில் போய்விட்டது. போகாமல் நின்றது அந்தக் குரல்தான். பனியைப் பார்த்து, நரம்பு புடைக்க, தன் ஊர் பெயரைக் கத்திய குரல்.

ஜூன் மழை தொடங்கிய ஒரு நாள் ஆலையின் தொலைபேசி அடித்தது.

"கிதாஹமா காகித ஆலை, வணக்கம்."

அந்தப் பக்கம் பேச்சில்லை. பின்னணியில் தறி ஓடும் சத்தம். யாரோ மூச்சு விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும். அடுத்த வாரம் மறுபடியும். அவள் காதில் வைத்துக்கொண்டு தறிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பாள். பேசு... பேசேன்... என்று மனம் சொல்லும். வாய் சொல்லாது. அந்தப் பக்கத்து வாயும் அப்படித்தான்.

கடைசியில் ஒரு நாள் அவளே சொன்னாள்: "யாருங்க? பேசலேன்னா லைனை விடுங்க. இது ஆலை."

"தப்பான... தப்பான நம்பர்ங்க," என்றது பதறிய குரல்.

அதே குரல்! யோஷினோ ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள்.

"அதானே! ரயிலும் தப்பு, நம்பரும் தப்பு. உங்களுக்குச் சரியா எதுவுமே வராதா, ஹினாஷிமாக்காரரே?"

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது.

"என் பேர் தெப்பெய்ங்க!" என்று அவன் கத்தினான், தறிச் சத்தத்துக்கு மேலாக. "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. போன்ல சொல்ல வரல. டீம் கலைஞ்சாலும் ஞாயித்துக்கிழமை ஆடுவோம்னு அன்னைக்குத் துறையில உங்க கேப்டன் சொன்னாரே... வர்ற ஞாயிறு நான் வரேன். மேட்சு ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துடுவேன்!"

ஞாயிறு காலையில் அப்பா சமையலறை வாசலில் நின்றார். "யாருக்கு இவ்வளவு சோறு வடிக்கறே?"

"ஒருத்தர் வராருப்பா. மேட்சு பார்க்க."

"எந்த டீம்?"

"...ஹினாஷிமா."

அப்பா மடங்காத காலைத் தட்டினார். "கப்பல்காரங்களா! அவனுங்க என் தலைக்கு மேல எத்தனை பந்து அடிச்சிருக்கானுங்க..." முணுமுணுத்துக்கொண்டே போனார். போனவர் திரும்பி வந்து, "மீன் இருக்கா வீட்டுல? இல்லேன்னா துறைமுகத்துக்குப் போய் வாங்கிட்டு வரேன்," என்றார்.

ஆட்டம் ஆரம்பித்தது. அவன் வரவில்லை. ஆட்டம் முடிந்தது. வரவில்லை. மழையில் ஆற்றுப்பாலத்தில் ரயில் நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஆட்டக்காரர்கள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கேப்டன் மட்டும் போகும்போது குடையை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மைதானத்தில் அவள் தனியாக நின்றாள். மழை சின்னச் சின்னத் துளியாகப் புல்லைத் தொட்டுத் தொட்டுப் பெய்தது. வடக்குக் கடலிலிருந்து குளிர் வந்தது. 'வருவான்' என்றது ஒரு மனம். 'வராவிட்டால்தான் என்ன' என்றது இன்னொரு மனம். அந்த இரண்டாவது மனம் பொய் சொல்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

கதவருகில் யாரோ ஓடி வந்தார்கள். தொப்பலாக நனைந்த உருவம். இரைத்து இரைத்து மூச்சு. வெறும் மைதானத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"முடிஞ்சு போச்சா...?"

"எப்பவோ!"

"பாலத்துல நிறுத்திட்டாங்க. அப்புறம் பஸ் பிடிச்சேன், அது வழியில நின்னுடுச்சு. அப்புறம் ஓடினேன்..." அவன் முழங்காலில் கை ஊன்றி நின்றான். "எவ்வளவு தூரங்க உங்க ஊரு! இவ்வளவு தூரமா நீங்க அன்னைக்குத் தனியா வந்தீங்க? நான் அது தெரியாம, டீமை மாத்திக்கோங்கன்னு... என்னை மன்னிச்சுடுங்க."

அவள் கிட்டே போய்க் குடையை அவன் பக்கம் சாய்த்தாள். அவன் முடியிலிருந்து நீர் சொட்டியது. ரயிலில் பார்த்த அதே கண்கள்... இப்போது அவளை எழுப்ப வரவில்லை, அவளிடம் எதையோ கேட்டு நின்றன.

"பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டும் மேட்சு பார்க்க முடியலையே," என்றாள்.

"மேட்சு பார்க்கவா வந்தேன்?" அவன் நிமிர்ந்தான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, யோஷினோ. ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க டீம் போயிடுச்சு, எங்க டீமும் ஒரு நாள் போகலாம். இனிமே நான் எங்க போறதா இருந்தாலும் உங்களோட போகணும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லிட்டேன்," என்றான் அவன், பரிதாபமாக. "இப்ப நீங்க ஏதாவது சொல்லணும்."

"என்னத்தைச் சொல்ல..." அவள் புல்லைப் பார்த்தாள். கன்னம் சுட்டது. "தினமும் போன் அடிக்கும்போதெல்லாம், அது நீயா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் எடுத்தேன். இன்னைக்கு நீ வராம போயிருந்தா, நாளைக்கு நான் கிளம்பி வந்திருப்பேன்."

அவன் வாயைத் திறந்து மூடினான். "நீ-ன்னு சொன்னீங்க..." என்றான் கடைசியில்.

"ஆமா. சொன்னேன். இனிமே அப்படித்தான் சொல்வேன்," என்றாள் யோஷினோ, அவன் குளிர்ந்த விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு. "எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு, தெப்பெய்."